ராங் நம்பருக்கு ஏறிய சர்க்கரை

தராசு சார் திருட்டுத்தனமாகப் பிஸ்கட் தின்கிறார் என்று அவர் மனைவி முடிவுகட்டி நாலு மாசம் ஆகிறது. முப்பத்திரண்டு வருஷம் கடை கடையாக ஏறி இறங்கி, எடைக்கல்லில் ஐந்து கிராம் குறைந்தாலும் வியாபாரிகளைக் கதிகலங்க வைத்த ஆய்வாளர் அவர். அதனால்தான் தெருவில் அந்தப் பெயர். அப்பேர்ப்பட்ட மனுஷனின் சட்டைப்பையை வீட்டில் தினமும் தடவிப் பார்க்கிறார்கள் என்றால் அவருக்கு எப்படி இருக்கும்?

சர்க்கரை நோய் வந்து பதினோரு வருஷம். இத்தனை நாள் சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. நாலு மாசமாகத்தான் அதற்கு என்னவோ பிடித்துவிட்டது. நினைத்தபோது இருநூறைத் தாண்டிக் குதிக்கிறது. அப்புறம் ஒன்றுமே தெரியாதது மாதிரி இறங்கி வந்து உட்கார்ந்துகொள்கிறது.

டாக்டர் நல்ல மாதிரி. "சாப்பாடு மட்டும் காரணமில்ல சார். மனசுல ஏதாவது பாரம் இருந்தாலும் சர்க்கரை ஏறும். கவலை ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்.

"கவலையா? எனக்கா?" என்று சிரித்தார் தராசு சார்.

"இவருக்காவது, கவலையாவது! சொந்த அண்ணன் போனப்பவே ஒரு சொட்டுக் கண்ணீர் விடல டாக்டர். பிஸ்கட்தான், சந்தேகமே வேண்டாம்" என்றாள் மனைவி.

அன்று தொடங்கியது சோதனை. மெத்தைக்கு அடியில், புத்தகங்களுக்குப் பின்னால், மழைக்காலச் செருப்புக்குள் எல்லாம் தேடிவிட்டாள். ஒரு காலி உறைகூட அகப்படவில்லை. அகப்படாததே அவளுக்குப் பெரிய சாட்சியாகப் போய்விட்டது.

"அவ்வளவு உஷாரா திங்கறீங்க" என்றாள்.

இதுவரைக்கும் பொறுத்தார். போன வாரம் அவள் மகளுக்குப் போன் போட்டு, "உங்கப்பா திருட்டுத் தீனி திங்கறாருடி" என்று சொல்ல, மகள் அவரை லைனில் கூப்பிட்டு எல்.கே.ஜி. பிள்ளையை மிரட்டுவதுபோல மிரட்டினாள். அங்கேதான் மனுஷனுக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"நாப்பது வருஷம் கூட இருந்தவ என்னைத் திருடன்னு சொல்லிட்டா. இனிமே பேச்சே கிடையாது, பரீட்சைதான்!" என்று கத்தினார்.

கத்தியதோடு நிற்கவில்லை. வெள்ளைத்தாளில் விதிமுறைகள் எழுதினார். காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை அவர் அவள் கண்ணெதிரிலேயே இருக்க வேண்டும். பையில்லாத பனியன்தான் போட வேண்டும். அவள் தருவதைத் தவிர எதுவும் வாய்க்குள் போகக் கூடாது. கழிவறைக்குப் போனால் வெளியே வரும்வரை சத்தமாக எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும், வாயில் எதுவும் இல்லை என்பதற்கு அத்தாட்சியாக. இரண்டு மணி நேரத்துக்கொரு தரம் விரலில் குத்தி மீட்டரில் சர்க்கரை பார்க்க வேண்டும். கீழே இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

மறுநாள் ஆறு மணிக்கு நூற்று இருபத்தாறு. எட்டு மணிக்கு, காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு, நூற்று அறுபத்துமூன்று. பத்து மணிக்கு நூற்று நாற்பத்தெட்டு. நடுவில் ஒருமுறை கழிவறையில் முன்னூற்றுப் பன்னிரண்டு வரை எண்ணினார். பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னல் வழியாக, "சாருக்கு உடம்பு சரியில்லையா?" என்று விசாரித்தார்.

பதினொன்றரைக்குப் போன் அடித்தது. தராசு சார் திரையைப் பார்த்தார். எடுத்தார். "ஹலோ... ஆமா... சரிம்மா, பாக்கலாம்மா" என்று முனகிவிட்டு, மனைவி பார்ப்பதைக் கண்டதும், "ராங் நம்பர்!" என்று உரக்கச் சொல்லி வைத்துவிட்டார்.

பன்னிரண்டு மணிக்குக் குத்தினார்கள். இருநூற்று முப்பத்தொன்று.

அடேயப்பா, அவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! உலகத்தில் சர்க்கரை ஏறியதற்காகக் குதித்த ஒரே ஆள் அவராகத்தான் இருப்பார்.

"பாத்தியா? பாத்தியா? பத்து மணிக்கப்புறம் தண்ணியத் தவிர ஒண்ணும் உள்ள போகல! நீயே சாட்சி! போடு போனை, உன் பொண்ணுகிட்ட சொல்லு!"

மனைவி மீட்டரைப் பார்த்தாள். தாளைப் பார்த்தாள். அப்புறம் அவரைப் பார்த்தாள்.

"நீங்க திங்கல. ஒத்துக்கறேன். தப்பு என் மேலதான். போன்ல யாருங்க?"

"அதான் சொன்னேனே, ராங் நம்பர்."

"ராங் நம்பருக்கு எதுக்கு எண்பத்து மூணு ஏறுது?"

தராசு சார் தானே எழுதிய விதிமுறையில் தானே மாட்டிக்கொண்டார், பாவம்.

"இருபத்தெட்டு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல காதுல மாட்டிக்கிட்டு உக்காந்தவ நான். ராங் நம்பர்கிட்ட யாரும் 'சரிம்மா, பாக்கலாம்மா'ன்னு சொல்ல மாட்டாங்க. யாரு?" என்றாள்.

அவர் பனியன் நுனியைத் திருகினார். ஜன்னலைப் பார்த்தார். "கண்ணாஸ்பத்திரி" என்றார்.

நாலு மாசத்துக்கு முன்னால் கண்ணாடி மாற்றத் தனியாகப் போனவரிடம், கண்ணுக்குப் பின்னால் ரத்தம் கசிகிறது, சர்க்கரை செய்த வேலை, சீக்கிரம் லேசர் வைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அவர் வீட்டுக்கு வந்து புதுக் கண்ணாடி நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து அங்கே வேலை செய்யும் பெண் வாரா வாரம் கூப்பிடுகிறாள், இவர் வாரா வாரம் தட்டிக்கழிக்கிறார்.

"தராசு முள்ளு நடுவுல நிக்குதான்னு பாத்தே பொழச்சவன் நான். இப்ப இடது கண்ணுல எதை நேரா பாத்தாலும் நடுவுல ஒரு கறுப்பு வந்து நிக்குது. உன் முகத்துல கூட" என்றார். "பயமா இருக்கும்மா."

அந்த வீட்டில் அந்த வார்த்தையை அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னதும் அழுகை வந்துவிட்டது. அண்ணனுக்கு வராததும் சேர்ந்து வந்தது போலிருந்தது, நிற்கவே இல்லை.

மனைவியும் அழுதாள். "நீங்க பக்கத்துல படுத்துக்கிட்டுத் தனியா பயந்து செத்திருக்கீங்க. நான் மெத்தைக்கு அடியில பிஸ்கட் தேடியிருக்கேன். எனக்குப் புத்தி இருக்கா?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். உடனே கோபமும் வந்துவிட்டது. "கண்ணு விஷயத்துல நாலு மாசமா? அறிவிருக்கா உங்களுக்கு? எடுங்க போனை! நீங்களே பேசுங்க!"

எடுத்தார். மறுமுனையில் அதே பெண்.

"நான்தாம்மா... ராங் நம்பர் பேசறேன்."

"சார்! நீங்களே கூப்பிட்டீங்களா?" அந்தப் பெண்ணுக்கு நம்ப முடியவில்லை. "டாக்டர்கிட்ட இப்பவே நாள் வாங்கித் தரேன். மருந்து விட்டா கொஞ்ச நேரம் பார்வை மங்கும் சார், தனியா வரக் கூடாது. கூட யாராவது வருவாங்களா?"

தராசு சார் போனைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினார். நாற்பது வருஷமாகக் 'கிளம்பு' என்று சொல்லித்தான் பழக்கம், கேட்டுப் பழக்கமில்லை.

"வருவியா?" என்றார்.

அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியில் ஆள் இல்லை. வாசலில் ஒரு செருப்பை மாட்டிக்கொண்டு, இன்னொன்றைக் காலால் துழாவிக்கொண்டிருந்தாள்.

"வருவாங்கம்மா. செருப்பே மாட்டிட்டாங்க" என்றார் போனில்.

"சார், வெள்ளிக்கிழமைதான் சார் நாள் இருக்கு. இன்னைக்கு திங்கள்."

"இருக்கட்டும். இப்ப அவகிட்ட சொன்னா எனக்கு மறுபடி சர்க்கரை ஏறிடும்."