சுவரில் போட்ட நீலக் கோடு

"ஏனுங்க, அடுப்பைத் தணிச்சு வையுங்க. பால் பொங்கப் போகுது."

என் மனைவி கிருபா என்னிடம் கடைசியாகச் சொன்னது இதுதான். 1996ஆம் வருடம், அக்டோபர் மாதம், விடிந்தும் விடியாத நேரம். இரண்டு நாள் விடாமல் பெய்த மழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. அன்று குழாயில் தண்ணீர் வருகிற நாள். பின்பக்கம், மதிலோரக் குழாயில் குடத்தை வைத்துவிட்டுச் சமையலறை ஜன்னல் வழியாகக் குரல் கொடுத்தாள். நான் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுப் போய் அடுப்பைத் தணித்தேன். விளிம்பு வரை வந்த பால் அடங்கியது. தணித்தாயிற்று என்று சொல்ல ஜன்னல் பக்கம் திரும்பினேன்.

மதில் இல்லை. குழாய் இல்லை. குழாயடி மண் முழுவதும் சரிந்து, பக்கத்து மனையில் தோண்டியிருந்த இருபதடிக் குழிக்குள் போயிருந்தது. அவளும் அதோடு போய்விட்டாள்.

அந்தக் காலை திடீரென்று வந்துவிடவில்லை. நாலு மாதமாக அது வந்துகொண்டிருந்தது. அவள் மட்டும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் வீடு கணபதி என்கிற பகுதியில், பதினான்கு வீடுகள் கொண்ட ஒரு சின்ன வீதியில் இருக்கிறது. நான் மோட்டார் பம்பு பட்டறையில் லேத்தில் இரும்பு கடையும் டர்னர். கிருபா முன்னறையில் மிஷின் போட்டு ரவிக்கை தைத்தாள். குண்டூசிகளை உதட்டில் கடித்துக்கொண்டே வாடிக்கைக்காரிகளோடு பேசுவாள். அந்தப் பேச்சு அரைகுறையாகத்தான் கேட்கும், ஆனாலும் எல்லோரும் சிரிப்பார்கள். எங்கள் மகள் இனியாவைச் சத்தியமங்கலத்தில் கட்டிக் கொடுத்திருந்தோம். வீட்டில் நாங்கள் இருவர்தான்.

பின்பக்கத்து மனையில் ஒரு பழைய பஞ்சுக் கிடங்கு இருந்தது. அந்த வருடம் மே மாதம் அதை இடித்துவிட்டு, ஏழு மாடிக் கட்டடம் வரப்போவதாகப் பலகை வைத்தார்கள். நாற்பத்திரண்டு வீடுகள். கார்கள் நிற்கத் தரைக்கு அடியில் இடம். அனுமதி கைக்கு வருவதற்கு முன்பே பொக்லைன் வந்து தோண்ட ஆரம்பித்துவிட்டது.

"ஏழு மாடியாமா. நம்மூட்டு முருங்கை மரத்துல எத்தன காய் இருக்குதுன்னு அங்கிருந்தே எண்ணிப்போடுவாங்களாட்ட இருக்குது" என்றார் அடுத்த வீட்டு மயிலாத்தாள் அக்கா.

"எண்ணறது கெடக்கட்டுமுங்க. தண்ணி லாரியே நம்ம வீதிக்குள்ள ரிவர்ஸ்லதான் வருது. நாப்பத்திரண்டு காரு எப்பிடித் திரும்புமுங்க? தூக்கித்தான் திருப்போணும்" என்றார் முனையில் சைக்கிள் கடை வைத்திருந்த உமர் பாரூக்.

பேசிச் சிரித்ததோடு அவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். கிருபாதான் துணி வெட்டும் மேசையில் உட்கார்ந்து மாநகராட்சிக்கு மனு எழுதினாள். வீதி இருபதடிதான், சாக்கடைக்கு வழியில்லை, இருக்கிற தண்ணீரே போதவில்லை, மதிலுக்குப் பக்கத்தில் தோண்டுவதால் வீட்டுச் சுவரில் விரிசல் விழுகிறது என்று வரிசையாக எழுதினாள். பன்னிரண்டு வீட்டுக்காரர்கள் அந்த மேசையில் வந்து கையெழுத்துப் போட்டார்கள்.

விரிசல் எங்கள் சமையலறைச் சுவரில்தான். அடுப்பு மேடைக்குக் கீழே தொடங்கி, தலைமயிர் போல மேலே ஏறியது. ஒவ்வொரு ஞாயிறும் சர்ச்சுக்குப் போய் வந்ததும், துணிக்குக் குறி போடும் நீலச் சாக்குக்கட்டியை எடுத்து, விரிசல் முடிகிற இடத்தில் ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் தேதி எழுதுவாள்.

"துணின்னு நெனச்சுட்டயா, தைச்சுச் சரி பண்றதுக்கு?" என்று கேலி செய்தேன். பட்டறையில் முடியளவு பிசகினாலும் சாமானைக் கழித்துப் போடுகிறவன் நான். என் வீட்டில் ஒருத்தி அளந்து காட்டியதை நான் அளவாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

மனு போன பிறகு வேலையை நிறுத்தினார்கள். ஆகஸ்டில் விசாரணைக்கு அதிகாரி வருவதாகக் கடிதம் வந்தது. அதற்கு இரண்டு நாள் முன்பு, மாலை நேரத்தில், எங்கள் வாசலில் ஒரு கார் நின்றது.

"ஏனுங்க சாமுவேலு, ஊட்ல இருக்கறீங்களா?"

வந்தவர் காளிச்சாமி. அந்த ஏழு மாடியைக் கட்டுகிறவர். அவரை அதற்கு முன்பே எனக்குத் தெரியும். பல்லடத்துக்குப் பக்கத்தில் அவருடைய அப்பாவின் தோட்டத்தில்தான் என் அப்பா மருதாசலம் காலமெல்லாம் வேலை செய்தார். என் அப்பா அந்த வீட்டு வாசற்படியைத் தாண்டியதில்லை. தாகம் எடுத்தால் குனிந்து கையைக் குவித்து நிற்பார், மேலேயிருந்து ஊற்றுவார்கள். எனக்குப் பத்து வயதில் பார்த்தது, இன்னும் கண்ணில் நிற்கிறது. அவர்களை நாங்கள் 'பண்ணாடி', அதாவது எஜமான், என்போம். என் அப்பாவை அவர்கள் 'டேய்' என்பார்கள்.

அந்த வீட்டு மகன் என் வீட்டுக்குள் வந்து, என் நாற்காலியில் உட்கார்ந்து, என்னை 'வாங்க, போங்க' என்று பேசினார். தட்டத்தில் வெற்றிலை பாக்கும் கல்யாணப் பத்திரிகையும் வைத்து நீட்டினார்.

"எம்பொண்ணு லோகப்பிரியாவுக்குக் கல்யாணமுங்க. குடும்பத்தோட வந்துரோணும்."

காப்பி குடிப்பீர்களா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கிருபா கேட்டாள்.

"குடிக்காம போவனுங்களா அம்மணி" என்றார். எங்கள் வீட்டு எவர்சில்வர் டம்ளரில் குடித்தார். வாய் வைத்துக் குடித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

போகும்போது வாசலில் நின்று சொன்னார்: "நாளானிக்கு ஆபீசர் வர்றாராமா. நம்மாளுக நீங்கெல்லாம் இருக்கறீங்கன்னுதானுங்க தைரியமா இருக்கறேன்."

கார் போனதும் கிருபா பத்திரிகையை எடுத்துப் பார்த்தாள். "உங்க பேரை நல்லாத்தான் எழுதியிருக்காரு. வீதியில இன்னிக்கு எத்தன ஊட்டுக்குத் தட்டம் போயிருக்குதுன்னு நெனைக்கறீங்க?"

"சும்மா இரு கிருபா. எங்கப்பன் அந்த ஊட்டுக்குள்ள காலு வெச்சதில்ல. இன்னிக்கு அவரு நம்மூட்டுல உக்காந்து காப்பி குடிக்கறாரு."

"குடிக்கட்டுமுங்க. வந்தவிங்களுக்குக் காப்பி குடுக்கறது நம்ம மொறை. அதுக்காவ செவுரு ஒட்டிக்குமா?"

நான் பத்திரிகையை அலமாரியில், வருகிறவர்கள் கண்ணில் படும்படி நிறுத்தி வைத்தேன்.

விசாரணை குழியின் ஓரத்திலேயே நடந்தது. நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ஒன்றில் காளிச்சாமி உட்கார்ந்து, வந்தவர்களை எல்லாம் எழுந்து எழுந்து கும்பிட்டார். அதிகாரி கோப்பைத் திறந்து, "மனுவில கையெழுத்துப் போட்டவங்க நீங்கதானே? ஆட்சேபணை இருந்தா ஒவ்வொருத்தரா சொல்லுங்க, எழுதிக்கறேன்" என்றார்.

எங்கள் பக்கத்து ஆட்கள் யார் முகத்துக்கு நேராகவும் இல்லை என்று சொல்லிப் பழகாதவர்கள். பிடிக்கவில்லை என்றால் 'பாக்கலாமுங்க' என்போம். கேட்டவர் புரிந்துகொண்டு போய்விட வேண்டும். ஆனால் அரசாங்கக் கோப்பில் 'பாக்கலாமுங்க' என்று எழுத இடம் இல்லை.

உமர் பாரூக் கையிலிருந்த சைக்கிள் டியூபைப் பார்த்துக்கொண்டே, "காளிச்சாமி அண்ணன் பாத்துச் செய்வாருங்க" என்றார். மயிலாத்தாள் அக்கா, "எனக்கென்னங்க தெரியும், ஆம்பளைங்க சொல்றதுதான்" என்றார். அப்படியே ஒவ்வொரு வீடாக வந்து எங்கள் முறை வந்தது.

கிருபா தேதிகளை எழுதிய தாளைக் கையில் வைத்திருந்தாள். ஓரடி முன்னால் வைத்துப் பேச வாயைத் திறந்தாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். வலிக்கும்படி பிடிக்கவில்லை. ஆனாலும் அவள் நின்றுவிட்டாள்.

"எங்களுக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லீங்க" என்று சொல்லி, அதிகாரி காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். வீடு என் பெயரில் இருந்தது. அவள் கையெழுத்தை யாரும் கேட்கவில்லை.

அவள் தாளை நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து வெகுநேரம் மிஷினை மிதித்தாள். பிறகு தலையைத் தூக்காமலே சொன்னாள்:

"அவரு குடிச்ச டம்ளரை நா அன்னிக்கே கழுவிக் கவுத்துப்போட்டனுங்க. நீங்கதான் இன்னும் கையிலயே வெச்சிருக்கறீங்க."

மறுவாரமே பொக்லைன் திரும்பி வந்தது. இம்முறை மதிலை ஒட்டியே தோண்டினார்கள். விட வேண்டிய இடத்தை விடவில்லை. அதுவரை நெருக்கமாக இருந்த நீலக் கோடுகள் தள்ளித் தள்ளிப் போயின. விரிசல் ஜன்னல் உயரத்துக்கு வந்துவிட்டது. மழை தொடங்கிய அன்று, "இன்னொரு தடவ எழுதிப் போடலாமுங்களா?" என்று கேட்டாள்.

"மழை நிக்கட்டும், பாக்கலாம்" என்றேன்.

நானும் பாக்கலாம் என்றுதான் சொன்னேன்.

அந்தக் கடைசிக் காலையிலும், குடத்தை எடுத்துக்கொண்டு போவதற்கு முன் அவள் சுவரில் ஒரு கோடு போட்டாள். சாக்குக்கட்டி கீறும் சத்தம் எனக்குக் கேட்டது. செய்தித்தாளிலிருந்து நான் கண்ணை எடுக்கவில்லை.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் காளிச்சாமி வந்தார். வாசலிலேயே நின்றார். உள்ளே வாங்க என்று நான் கூப்பிட்டும் படியேறவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே சாமுவேலு. எஞ்சினீயர் பிரச்சனை இல்லைன்னான். நீங்களும் இல்லைன்னு கையெழுத்துப் போட்டீங்க. நா அதை நம்பிப்போட்டேன்."

நம்பினாரோ, நம்புவது அவருக்கு வசதியாக இருந்ததோ, எனக்குத் தெரியாது. முறையை மீறித் தோண்டியது அவருடைய குற்றம். அதற்கான வழக்கு தனியாக நடந்தது. ஆனால் கோப்பில் என் கையெழுத்து இருந்தது.

டிசம்பரில், அனுமதி கொடுக்கலாமா என்று இரண்டாம் விசாரணை வைத்தார்கள். அதே குழியோரம், அதே நாற்காலிகள். காளிச்சாமியும் வந்திருந்தார். கட்டடத்தை எப்படியாவது முடித்துவிட வேண்டும் என்று மேலே முயற்சி நடப்பதாகப் பேச்சு இருந்தது. அதிகாரி கூப்பிடுவதற்கு முன்பே நான் எழுந்தேன். கிருபா நாலாக மடித்த தாள் கிடைக்கவில்லை, அது அவளோடுதான் போயிருக்க வேண்டும். சுவரிலிருந்த தேதிகளைப் பார்த்து எழுதிய வேறொரு தாளை நீட்டினேன். காளிச்சாமியின் முகத்தைப் பார்த்தே சொன்னேன்:

"வேண்டாமுங்க. இந்த எடத்துல ஏழு மாடி வேண்டாமுங்க."

காளிச்சாமி தலையைக் குனிந்துகொண்டார். நான் நிறுத்தவில்லை.

"என்ர ஊட்டுல உக்காந்து நீங்க காப்பி குடிச்சீங்க. அன்னிக்கே நீங்களும் நானும் சமமாயிட்டோம்னு நெனச்சுப்போட்டனுங்க. அது தப்பு. உங்க மூஞ்சிக்கு நேரா வேண்டாமுன்னு எப்பச் சொல்றனோ, அப்பத்தானுங்க சமம். அதைச் சொல்றதுக்குள்ள எனக்கு ஒரு உசுரு போயிருச்சு."

பிறகு மயிலாத்தாள் அக்கா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் வந்தார். "எம்பேரையும் எழுதிக்குங்க சார். ஆம்பளைங்க சொல்றதுதான்னு போன தடவ சொன்னேன். அதை அடிச்சுருங்க." அவருக்குப் பின்னால் உமர் பாரூக் வந்தார். அன்று பன்னிரண்டு வீடும் வேண்டாம் என்று சொன்னது. அனுமதி கிடைக்கவில்லை. குழியை மூடினார்கள். சில வருடம் கழித்து அந்த மனையில், மதிலிலிருந்து பத்தடி தள்ளி, இரண்டு மாடி வீடுகள் வந்தன. அங்கே குடியிருப்பவர்கள் நல்லவர்கள். பண்டிகைக்குப் பலகாரம் கொடுத்தனுப்புகிறார்கள்.

இதைப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான். வீட்டுக்கு வந்தவருக்குக் காப்பி கொடுங்கள், பத்திரிகை வைத்தால் கல்யாணத்துக்குப் போய் வாருங்கள். அது நம்முடைய மரியாதை, அதை விட வேண்டாம். ஆனால் தவறு என்று தெரிந்ததைச் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லிவிடுங்கள். மரியாதைக்காக நாம் விழுங்குகிற வார்த்தை நம்மோடு நின்றுவிடுவதில்லை. அது யாருடைய தலையிலாவது போய் விழுகிறது. உங்கள் வீட்டில் ஒருவர் பேச எழுந்தால், அவர் கையைப் பிடித்து உட்கார வைக்காதீர்கள்.

தையல் மிஷினை இனியா எடுத்துப் போய்விட்டாள். மாலையில் பட்டறையிலிருந்து வந்தால், கதவைத் திறக்குமுன் ஒரு நிமிடம் நிற்கிறேன். மிஷின் மிதிக்கும் சத்தத்துக்காகக் காது காத்திருக்கிறது. பால் காய்ச்சும்போது ஜன்னல் பக்கம் திரும்பாமல் இருக்க இன்னும் பழகவில்லை.

போன கிறிஸ்மஸுக்கு வீட்டுக்கு வெள்ளையடித்தே ஆக வேண்டும் என்று இனியா பிடிவாதமாகப் பங்காரு என்கிற பெயிண்டரை அனுப்பினாள். அவர் சமையலறைக்கு வந்து விரிசலைத் தடவிப் பார்த்து, "இதைச் சிமெண்டு வெச்சுப் பூசிப்போடலாமுங்களா? நீலமா என்னமோ கிறுக்கியிருக்குது, அதும் மறைஞ்சுரும்" என்றார்.

"இந்தச் செவுரு ஒண்ணை மட்டும் விட்டுருங்க" என்றேன்.

இப்போதும் ஞாயிறுதோறும் சர்ச்சுக்குப் போய் வந்ததும், பட்டறை அளவுகோலை எடுத்துக்கொண்டு அந்தச் சுவர் முன்னால் நிற்கிறேன். விரிசல் கிருபா கடைசியாகக் கோடு போட்ட இடத்திலேயே இருக்கிறது.