சத்தம் வராத தாளம்

"என் பெட்டி போடுற தாளத்தை ரெண்டு தடவை பதிவு பண்ணி, ஒண்ணோட ஒண்ணைச் சேர்த்தா, ஒரு பொட்டுச் சத்தம் கேக்காது!"

பெட்டிக்காரர் இப்படி அறிவித்ததும் சகலை குடித்துக்கொண்டிருந்த தேநீர் மூக்கு வழியாக வந்தது.

"ரெண்டு பேர் சேர்ந்து கத்தினா ஊமையாயிடுவாங்களா, அண்ணே?"

செருப்பு டப்பா அளவுதான் அந்தப் பெட்டி. பொத்தான்களை அமுக்கித் தாளத்தை ஏற்றிவிட்டால் போதும், கேட்கும்போதெல்லாம் வாசிக்கும். இருபத்தேழு வருஷமாக அதன் துல்லியத்தைக் கேட்டு ஊர்க் கடிகாரங்கள் வெட்கப்பட்டு முள்ளைத் திருத்திக்கொண்டன. டயர் கடை மாடியில் நடனம் சொல்லிக்கொடுக்கும் அவர் மனைவியும் அதற்குத்தான் ஆடினாள்.

போன மாதம் அவள் தங்கை புருஷன், இந்தச் சகலைதான், கம்ப்யூட்டரோடு வந்தான். திரை முழுக்கக் கலர் கலராகக் கட்டங்கள். "தம்பி எவ்வளவு அழகா பண்றாரு, பாருங்க!" என்றாள். அந்த 'அழகா' பெட்டிக்காரர் காதுக்குள் எறும்பாகப் புகுந்து இன்னும் வெளியே வரவில்லை. இருபத்தேழு வருஷத்தில் அவரை ஒருநாள் அப்படிச் சொல்லியிருப்பாளா? அவர் வயிற்றெரிச்சலில் அடுப்பே இல்லாமல் வெந்நீர் வைத்திருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை மேடைக்கு யார் தாளம் என்று இன்று சொல்லிவிடுவதாக அவள் சொல்லியிருந்தாள்.

"வாய்ப்பந்தல் வேண்டாம், செஞ்சு காட்டுங்க," என்றாள்.

பெட்டிக்காரர் சகலை பக்கம் திரும்பினார். "தம்பி, முரசுச் சத்தம் ரெண்டு பேருக்கும் இந்த ஒரே சத்த மெஷின்லேர்ந்து வரட்டும். எப்ப அடிக்கணும்னு மட்டும் ஒரு தடவை உன் கம்ப்யூட்டர் சொல்லட்டும், ஒரு தடவை என் பெட்டி. ஒவ்வொண்ணையும் ரெண்டு தடவை பதிவு பண்ணி, அதுல ஒரு பதிவோட சத்த அலையைத் தலைகீழாப் புரட்டிச் சேரு. மேடு பள்ளமாகும், பள்ளம் மேடாகும். அச்சு அசலா இருந்தா ஒண்ணை ஒண்ணு முழுங்கிடும். மயிரிழை பிசகினாலும் மிச்சம் கரகரக்கும்."

முதலில் கம்ப்யூட்டர். சேர்த்துப் போட்டதும் யாரோ கூழாங்கல்லை வாயில் போட்டுக் கொப்பளிப்பதுபோல் சத்தம்.

"ஓ! அதான் இந்தக் கம்ப்யூட்டர் தாளத்துக்குப் பசங்க கால் ஒட்டலையா? பாவம், அதுங்களைப் போய்த் திட்டினேனே!" என்றாள் மனைவி.

"தாளம் போட்டுக்கிட்டே தபால் பாக்குது, வைரஸ் தேடுது. என் பெட்டிக்கு ஒரே வேலை," என்றார் பெட்டிக்காரர். பாயசம் குடித்த முகம்.

"இருங்க, உங்க வண்டவாளமும் தெரியட்டும்," என்று சகலை பெட்டியின் பதிவுகளைச் சேர்த்தான்.

நிசப்தம். கீழே டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்த கடைக்காரர், மேலே என்ன ஆச்சோ என்று பதறிப் படியேறி வந்துவிட்டார். ஒரு கொசு பறப்பதை நிறுத்தி யோசித்தது. சகலை சத்தத்தைக் கூட்டினான். வயரை உருவிச் செருகினான். ஸ்பீக்கரைத் தட்டினான். பதிவுகளைத் தனித்தனியாகப் போட்டான், மாடி அதிர்ந்தது. சேர்த்துப் போட்டான், மறுபடி மௌனம்.

மனைவி குனிந்து பெட்டியைத் தடவினாள். "ஞாயிற்றுக்கிழமைக்கு நீதான். அழகுடா நீ!"

கடைசியில் பெட்டிக்குத்தான் கிடைத்தது அந்தச் சொல்! பெட்டிக்காரர் அதை முறைத்தார். இனி இதோடும் மல்லுக்கட்ட வேண்டும்.

"என்ன தம்பி, வாயடைச்சுப் போச்சு? ஏதாவது கேட்டுச்சா?" என்றாள் அவள்.

சகலை ஸ்பீக்கரிலிருந்து காதை எடுத்தான்.

"இல்லை அண்ணி. அண்ணன் சொன்னது நடந்துடுச்சு. சத்தியமா, ஒரு பொட்டுச் சத்தம் கேக்கலை."