குச்சி தொட்ட சுவர்

எஞ்சினின் மூக்குக்கு இரண்டு பக்கமும் ஒரு முழக் குச்சி கட்டி, நுனியில் சிவப்புச் சாக்பீஸ் செருகினேன். நான் ஃபிட்டர். மறுநாள் வண்டியை வளைவில் மெதுவாகத் தள்ளிப் பார்ப்பார்கள். வண்டிக்கு இருபுறமும் ஒரு முழம் இடம் வேண்டும்; சாக்பீஸ் எதைத் தொடுகிறதோ அதை இடித்துவிட வேண்டும், அதுதான் விதி. வளைவில் மூன்றாவது சுவர் அக்காவின் சமையலறை.

ஊரிலிருந்து என்னை வரவழைத்து இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர் அக்கா வீட்டுக்காரர். ரயில்வே கொடுத்த இரண்டு அறை வீடு. மூன்று வருடமாக எனக்கும் அங்கேதான் சோறு.

சுற்றுலாவுக்கென்று வாங்கிய பழைய நீராவி எஞ்சின் இது. அவ்வளவு நீளம் ஒரே கட்டையாக இருந்தால் வளைவில் தடம் புரண்டுவிடும். அதனால் சக்கரங்களை இரண்டு கூட்டமாகப் பிரித்திருந்தார்கள். பின்கூட்டம் கொதிகலனோடு இறுக்கியது. முன்கூட்டம் ஒரு கீலில் ஆடும். தண்டவாளம் எப்படிப் போகிறதோ அப்படியே திரும்பிவிடும். மேலே இருக்கும் கொதிகலன் திரும்பாது. வளைவுக்கு வெளியே நேராக மூக்கை நீட்டிக்கொண்டு போகும். ஆபீஸில் சக்கரத்தை மட்டும் பார்த்து, இடம் போதும் என்று எழுதியிருந்தார்கள். போதாது என்று சொன்னது நான். யாரும் கேட்காமலே சொன்னேன்.

சாயங்காலம் மாமா பட்டறைக்கு வந்தார்.

"குச்சியப் பாதியா வெட்டிரு மாப்ள. எவன் பாக்கப் போறான்?"

"வண்டி குலுங்கினா சுவத்துல இடிக்கும் மாமா."

"இடிச்சா அப்பப் பாத்துக்கலாம்."

"அக்கா அடுப்புகிட்ட நிக்கிற இடம் அது."

அவர் குச்சியைத் தன் முழங்கையோடு வைத்து அளந்து பார்த்தார். பிறகு போய்விட்டார். நான் வெட்டவில்லை.

மறுநாள் சாக்பீஸ் சமையலறை ஜன்னலுக்குக் கீழே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கோடு இழுத்தது. அக்கா தலையை நீட்டிச் சிரித்தாள். "ஏன்டா, நேத்துதான் சுண்ணாம்பு அடிச்சேன், அதுக்குள்ள கிறுக்கிட்டியா?" மாமா அவளிடம் சொல்லியிருக்கவில்லை.

தண்டவாளத்தை ஒரு அடி நகர்த்தியிருக்கலாம். சுவரை இடிப்பது சுலபம் என்றார்கள். வேறு வீடு கிடையாது என்றும் சொன்னார்கள். "அளந்தது உன் தம்பிதானேம்மா," என்றார் இன்ஜினியர்.

வீட்டைக் காலி செய்து சாமான் ஏற்றும்போது அக்கா ஒரே ஒரு தடவை என்னிடம் பேசினாள். "ஊரு உலகத்துல வேற எவனாவது அளந்திருந்தா, நாலு வார்த்தை திட்டிட்டுப் போயிருப்பேன்."

அவளுக்காகத்தான் என்ற வார்த்தை வாய்வரை வந்தது. பெட்டியைத் தூக்கி வைத்தேன். இப்போது போன் செய்தால் மாமா எடுக்கிறார். அவள் குளிக்கிறாள் என்கிறார். எப்போது செய்தாலும் குளிக்கிறாள்.

எஞ்சின் பதினோரு நாள் ஓடியது. முன்கூட்டத்துக்கு ஆவி கொண்டுபோகும் குழாயின் மூட்டு, அக்கா வீட்டு வளைவிலேயே உடைந்து வண்டி நின்றது. மாற்று மூட்டு எங்கும் கிடைக்கவில்லை. இழுத்துப்போகவும் யாரும் வரவில்லை.

சாப்பாட்டுப் பொட்டலத்தோடு மத்தியானம் அங்கே போய் உட்காருவேன். சக்கரங்கள் திரும்பி நிற்கின்றன. கொதிகலன் மட்டும் நேராக, சுவர் இருந்த இடத்தை நோக்கி மூக்கை நீட்டியிருக்கிறது. நேற்று மழை. மூக்கின் நுனியிலிருந்து சொட்டுச் சொட்டாக, விழுந்து, அடுப்பு இருந்த கரித்தடத்தின் மேல் ஓடிக்கொண்டிருந்தது.