இருமும் பை

அண்ணன் தங்கைக்குத் தரவேண்டியது நாலாயிரத்து முந்நூற்று எழுபது ரூபாய். குத்துச்சண்டைப் பயிற்சிக்குப் பை வாங்க அவள் சோப்புத்தூள் டப்பாவில் சேர்த்து வைத்திருந்த காசு அது. வெல்டரான அவன் அதை வழிச்செலவுக்கு எடுத்துக்கொண்டு கப்பல் கட்டும் வேலைக்குப் போனான். "ஆறு மாசத்துல பையோட வரேன், அதுவரைக்கும் தலகாணிய அடி" என்று சொல்லிப் போனவன், போனவன்தான். ஏழு வருஷத்தில் அவள் மூன்று தலையணைகளை ஒழித்தாள். சலவைக்கூடத்தில் இஸ்திரி போட்டு அதே தொகையை மறுபடி சேர்த்து, ஒரு வியாழக்கிழமை மதியம் கடைக்குப் போனாள்.

கடையில் பதினொரு பைகள் தொங்கின. ஆளின் எடையில் பாதி இருந்தால் போதும் என்பது கணக்கு. அவள் ஐம்பத்திரண்டு கிலோ, ஆகவே பை இருபத்தாறு என்றார் கடைக்காரர். அவள் ஒவ்வொன்றாய்க் குத்திப் பார்த்தாள். பத்துப் பைகள் தொப்பென்றன. மூலையில் தொங்கிய பதினொன்றாவது இருமியது. வெல்டிங் புகை குடித்த நெஞ்சின் இருமல், இரண்டாய் உடைந்து வருவது. இருமிவிட்டு இடப்பக்கம் நகர்ந்தது. அண்ணன் கையில் மெத்தைப் பலகை மாட்டிக்கொண்டு அவள் குத்துகளை வாங்கிய காலத்தில் அப்படித்தான் நகர்வான்.

"அது கொஞ்சம் இருமும்மா. அதான் அறநூறு குறைச்சிருக்கேன். எழுபத்தோரு கிலோ வேற, மணிக்கட்டு போயிரும்."

அண்ணன் போகும்போது எழுபத்தொன்று இருந்தான். அவள் அதையே எடுத்தாள். "பை வாங்கச் சொன்னா பாறைய வாங்கிட்டு வந்திருக்கா" என்று தலையில் அடித்துக்கொண்டார் பயிற்சி கொடுக்கும் மாஸ்டர். பக்கத்து டயர் கடைக்குச் சுமை இறக்க வந்த இரண்டு பேர் தூக்கிவந்து வீட்டு உத்தரத்தில் மாட்டிவிட்டுப் போனார்கள். முதல் குத்துக்கு அது இருமியதும், உள்ளேயிருந்து அம்மா, "வெந்நி வைக்கவாடா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு வெளியே வந்து பையைப் பார்த்தாள். பிறகு வெந்நீர் வைத்தாள்.

துணி அடைத்த பையை மாதம் ஒரு தடவை தலைகீழாக மாற்றி மாட்டவேண்டும். இல்லாவிட்டால் துணி கீழே இறங்கிக் கல்லாகிவிடும். முதல் தடவை மாற்றியபோது உப்புப் பூத்த சில்லறை உதிர்ந்தது, நூற்றுப் பத்து. அடுத்த மாதம் எழுபது. தங்கை சுவரில் கரிக்கட்டியால் எழுதி வந்தாள். மூன்றரை வருஷத்தில் நாலாயிரத்து முந்நூற்று அறுபது ஆனது. இன்னும் பத்துதான். அதோடு அவள் மாற்றி மாட்டுவதை நிறுத்திவிட்டாள். கணக்கு தீர்ந்தால் இருமலும் நின்றுவிடும், அவனுக்கும் இந்த வீட்டுக்கும் இருந்த ஒரே கயிறு அறுந்துவிடும் என்று பயம். பையின் அடி இறுகியது. கை வீங்கியது. இஸ்திரிப் பெட்டி பிடிக்க முடியாமல் பாதிச் சம்பளத்துக்கு உடுப்பு மடிக்கப் போனாள்.

அம்மா அவள் கையில் துணி சுற்றிக்கொண்டே சொன்னாள்: "பாக்கி வச்சிருக்கவன் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுடி வாசப்படி ஏறுவான்? அவனத் தீர்க்க விடு."

மறுநாள் காலை அம்மா ஒரு பக்கம் பிடிக்க, பையைக் கழற்றித் தலைகீழாக மாட்டினார்கள். ஒற்றைக் காசு விழுந்து உருண்டு அம்மாவின் கால்விரலில் முட்டி நின்றது. பத்து. தங்கை ஈரத்துணியால் சுவரைத் துடைத்தாள். பிறகு, நல்ல கையால் ஒரு குத்து விட்டாள். தொப்பென்றது. இன்னொன்று. தொப்.

அன்று டயர் கடைக்கு மறுபடி வந்த அதே இருவரும் பையைத் தூக்கிப் பார்த்து இருபத்தாறு என்றார்கள். தராசும் அதையே சொன்னது. மீதி நாற்பத்தைந்து கிலோ எந்த வழியாய் நடந்து வருகிறது, எங்கே இளைப்பாறுகிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அந்த வீட்டில் அதற்குப் பிறகு கதவுக்குத் தாழ் போடுவதில்லை. வெந்நீர் அடுப்பில் இருக்கிறது.