காணும்

கதிர்காமு தன் கடைக் கண்ணாடி மேசையில் காற்றடிக்கும் பம்ப் மூன்றை வரிசையாக வைத்தார்.

"இது காலால மிதிக்கிறது. அது கரண்டில ஓடுற பெரிய கொம்பிறசர், ஒரு ஸ்கூட்டி நிக்கிற வீட்டுக்கு அது கூடிப்போச்சு. இந்தச் சின்னன் பற்றறியில ஓடும். இலக்கத்தை வைச்சீரெண்டால் அந்த அளவோட நிண்டிடும்."

றஜீபன் சின்னதையே பார்த்தான். "தானா நிக்குமோ அண்ணை? ஒருத்தரும் சொல்லத் தேவையில்லையோ?"

"ஆர் சொல்லுறது?" கதிர்காமு சிரித்தார். "ஆனா மெசினைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதையும். காத்து எவ்வளவெண்டு பாக்கத் தனியா ஒரு முள் மீற்றரும் கொண்டுபோய் வைச்சுப் பாரும்."

இரண்டையும் வாங்கிக்கொண்டு ஊர்காவற்றுறை பஸ்ஸில் ஏறினான். பண்ணைக் கடலைத் தாண்டும்வரை ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் அந்தக் கடலில்தான் அவனுடைய அண்ணன் மிரோஜன் ஸ்கூட்டியோடு விழுந்து செத்தான். வெறும் றோட்டில் நேரே கடலுக்குள் விட்டிருக்கிறான் என்றார்கள். மனைவியோடு கோபமாம், மனம் விட்டுப் போச்சாம் என்று ஆளுக்கொரு கதை கட்டினார்கள். ஊர் வாய்க்கு வேறென்ன வேலை? கோயிலில் அண்ணி அன்ரனிட்டாவுக்குப் பக்கத்தில் இருக்கவே சிலர் தயங்கினார்கள். ஸ்கூட்டியைத் தூக்கிய அன்று, பின் ரயர் வெடித்துக் கிழிந்திருந்ததை றஜீபன் மட்டும் கண்டான். ஆளில்லாத நேரம் பார்த்து அதைக் கழற்றிக் கடலிலேயே எறிந்தான்.

ஏனென்றால் அண்ணன் புறப்படுமுன் அதற்குக் காற்றடித்தவன் அவன்தான். மீற்றர் இல்லாத பழைய கால் பம்ப். அண்ணன் ரயரைக் கட்டைவிரலால் அமத்திப் பார்த்து, "காணும், காணும்" என்றான். தீவுப்பகுதியில் போதும் என்று யார் சொல்கிறார்கள்? சோற்றுக்கும் காணும்தான், காற்றுக்கும் காணும்தான். "காணாது" என்று சொல்லி றஜீபன் இன்னும் இருபது மிதி மிதித்தான்.

இப்போது அன்ரனிட்டாவுக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு தையல் கடையில் வேலை கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை முதல் அதே ஸ்கூட்டியில், அதே கடல் றோட்டால் போகப் போகிறாள். போன கிழமை புது ரயர் பூட்டி, பழைய பம்ப்பை மிதிக்கத் தொடங்கினான் றஜீபன். ஐந்தாவது மிதியில், காதோடு காதாக அண்ணனின் குரல் கேட்டது.

"காணும்."

அடுத்த நாளும் ஐந்தாவது மிதியில்தான். அதற்கடுத்த நாளும். அவனால் ஆறாவது மிதி மிதிக்க முடியவில்லை. தானாக நிற்கும் பம்ப் அவனுக்கு எதற்கென்று கதிர்காமுவிடம் எப்படிச் சொல்வது?

வீட்டுக்கு வந்ததும் நேரே தகரக் கராஜுக்குள் போனான். மத்தியான வெயில். சோளகக் காற்றில் கூரைத் தகரம் கடகடவென்று அடித்துக்கொண்டிருந்தது. குழாயைப் பூட்டி, இருபத்தொன்பது என்று வைத்து அழுத்தினான். மெசின் உறுமியது. எட்டு. ஒன்பது. பத்து. பதினொன்றில் நின்றது.

தகரமும் நின்றது. வேப்பமரத்தில் ஓர் இலை அசையவில்லை.

"காணும்."

 றஜீபன் முள் மீற்றரை வைத்துப் பார்த்தான். அதுவும் பதினொன்றுதான். மெசின் பொய் சொல்லவில்லை. ரயர் அரைவாசி வெறுமையாகக் கிடக்கிறது. அப்படியென்றால் அண்ணன் எதைக் காணும் என்கிறான்?

வாசலில் ஏதோ விழுந்து உடைந்தது. அன்ரனிட்டா நின்றாள். காலடியில் தேத்தண்ணிக் கோப்பை சிதறிக் கிடந்தது.

"அண்டைக்கும் இதே குரலில இதைத்தான் சொன்னவர்," என்றாள். "நான் குசினிக்குள்ள நிண்டனான். முதல்நாள் நாங்கள் சண்டை பிடிச்சனாங்கள். என்னோட சீவிச்சது காணும் எண்டு சொல்லிப்போட்டுத்தான் போனவர் எண்டு..."

 இரண்டு வருடமாக அவள் வாயே திறக்காமல் சுமந்தது இதுதான் என்று அப்போதுதான் றஜீபனுக்கு விளங்கியது. 

"உங்களைச் சொல்லேல்லை அண்ணி. எனக்குச் சொன்னது. காத்துக்குச் சொன்னது."

எல்லாவற்றையும் சொன்னான். இருபது மிதி, கிழிந்த ரயர், அதைக் கடலில் எறிந்தது. 

"ரெண்டு வருசம் என்ர கையால சோறு வாங்கித் திண்டனீர்," என்றாள் கடைசியில்.

கூரைத் தகரம் மறுபடி அடிக்கத் தொடங்கியது. அன்ரனிட்டா அவனை விலத்திக்கொண்டு வந்து குந்தி, மெசினைத் தானே அழுத்தினாள். பதினொன்றைத் தாண்டியது. இருபத்தொன்பதில் தானாக நின்றது. ஒரு குரலும் கேட்கவில்லை. முள் மீற்றரை அவன் கையிலிருந்து வாங்கி, தானே வைத்துப் பார்த்தாள்.

"காணும்," என்றாள்.

காற்றுக்குச் சொன்னாளா, தனக்குச் சொன்னாளா என்று றஜீபனுக்கு விளங்கவில்லை.