பலாவூத்துக்குப் போகும் வழி

செம்பாறை மலையில் ஊரே இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். மாதங்கிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சொன்னவர் வெங்கடகிருஷ்ணன், ஹைதராபாத் நாச்சாரத்தில் அவள் வேலை பார்க்கும் மேப் கம்பெனியின் முதலாளி. கேட்டவர்கள் கல் குவாரிக்காரர்கள். மலைமேல் ஆள் இருந்தால் கூப்பிட்டு உட்காரவைத்துச் சம்மதம் கேட்க வேண்டும். இல்லையென்றால் நேரே வெடிதான்.

சாட்டிலைட் படத்தில் வெறும் காடுதான் தெரிந்தது. பலா மரத்துக்கு அடியில் கூரை இருந்தால் மேலேயிருந்து எப்படித் தெரியும்? பச்சையாக இருந்தால் புதர் என்று குறித்துவிட்டு டீ குடிக்கப் போவது இந்தத் தொழிலில் எல்லோரும் செய்கிற தப்பு.

மாதங்கி போகவில்லை. டோப்போ ஷீட் என்கிற பழைய சர்வே வரைபடத்தை விரித்தாள். அறுபது வருஷத்துக்கு முன் மலையை நடந்தே அளந்தவர்கள் போட்டது. நெருக்கியடித்து ஏறும் உயரக்கோடுகள் ஓரிடத்தில் மட்டும் விலகி நின்றன. சமதரை! அங்கே சிவப்பாகக் குடிசைகள், நீலமாக ஓர் ஊற்று, கீழேயிருந்து ஏறும் ஒற்றையடிப் பாதை. பலாவூத்து என்று பேர்கூடப் போட்டிருந்தது.

"அது அந்தக் காலம்மா. இப்ப எல்லாரும் கீழ எறங்கியிருப்பாங்க. இந்த வம்பெல்லாம் நக்கோ" என்றார் வெங்கடகிருஷ்ணன். ஹைதராபாத்திலேயே பழுத்த மனுஷன், வேண்டாம் என்பதை அப்படித்தான் சொல்வார்.

"குவாரிக்காரங்க குடுத்தது சித்திரை மாசப் படம் சார், வயலெல்லாம் காஞ்சு கிடக்கும். இந்தத் தை மாசப் படத்தைப் பாருங்க." ஊற்றுக்குக் கீழே வயல்கள் படிப்படியாகப் பச்சைகட்டி நின்றன. "இதெல்லாம் பேயா வந்து உழுதுச்சு?"

அவர் பார்க்கவே இல்லை. "நீ போடலைன்னா வேற ஆள் போடுவான். உனக்கு வேலை வேணுமா, வேண்டாமா?"

மாதங்கி சிவப்புப் பேனாவை எடுத்தாள். திருத்தம் எதுவானாலும் அச்சடித்த தாளில் சிவப்பு மையால் போட்டுக் கையெழுத்திட வேண்டும் என்பது அந்த ஆபீஸ் வழக்கம். குடிசைகளை ஒவ்வொன்றாகக் குறித்தாள், பலாவூத்து என்று பெரிதாக எழுதினாள், கீழே கையெழுத்தும் போட்டாள்.

"கிழிச்சுப் போட்டுட்டு வேற அடிப்பேன்" என்றார் அவர்.

"அடிங்க சார். இந்தப் பழைய ஷீட் காசு குடுத்தா யாருக்கும் கிடைக்கும். ஒண்ணு வாங்கிட்டுப் போய் அந்த ஊர்க்காரங்க கையிலயே குடுக்கறேன். அப்புறம் அவங்க வந்து பேசுவாங்க."

"அங்க யாரைத் தெரியும் உனக்கு?"

மாதங்கி டோப்போ ஷீட்டின் ஒற்றையடிப் பாதையில் விரலை வைத்தாள்.

"யாரையும் தெரியாது சார். வழி தெரியும்."