மோட்டார் ஓடாத வடிதாள்கள்

கூட்டத்தில் நகராட்சித் தலைவர் பேனா மூடியைக் கழற்றிவிட்டார். கையெழுத்து விழுந்தால் முடிந்தது: நகரத்தின் பருவநிலைத் திட்டம் இருபது வருடங்களுக்குக் கரியமில வாயுவை மட்டுமே துரத்தும்.

"ஒரு நிமிஷம் சார்!"

எழுந்தவள் இளநிலைப் பொறியாளர்.

"புகைக்கரியையும் குப்பைமேட்டு மீத்தேனையும் சேர்த்துக்குங்க, அதுகளும் சூட்டை ஏத்துது. செங்கல் சூளைகளுக்குப் புது அடுப்பு, குப்பைமேட்டுக்கு மூடி. அதே அளவு சூடு குறையும். செலவு பாதி. இருமிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு வர்ற கூட்டமும் குறையும்."

எதிரே இருந்த ஆலோசகர் சிரித்தார். "புகைக்கரிக்கு ஆதாரம்?"

"நம்ம மாடியில இருக்கிற கருவி தினமும் காத்தை உறிஞ்சிக் கரியைப் பிடிச்ச வடிதாள். பதினோரு வருஷத்துது இருக்கு."

"அலமாரியில கிடந்ததுதானே? கறுப்பா இருக்கிறது காத்துல வந்த கரியா, அலமாரித் தூசியான்னு யாரு கண்டா?"

தலைவரின் பேனா தாளை நெருங்கியது. சட்டென்று அவள் போனை எடுத்தாள்.

"அக்கா, உன் வடிதாள்ல இருக்கிறது அலமாரித் தூசியாம், உடனே கீழே வா. மானம் போகுது!"

மாடியில் வடிதாள் மாற்றுபவள் அவளுடைய கூடப்பிறந்த அக்கா. அலுவலகத்தில் கேலிப் பெயர் 'மொட்டைமாடி மகாராணி'.

காற்றில் கலைந்த தலையோடு மகாராணி வந்தாள். கையில் இரண்டு பெட்டிகள்.

"தூசின்னு சொன்னது யாரு?"

ஆலோசகர் கை தூக்கவில்லை. எல்லாரும் அவரையே பார்த்தார்கள்.

அக்கா முதல் பெட்டியைத் திறந்தாள். காற்றை உறிஞ்சிய தாள்கள், அத்தனையும் கறுப்பு. இரண்டாவதை அவர் முன்னால் தள்ளினாள்.

"வாரத்துக்கு ஒரு தாளைக் கருவியில மாட்டுவேன். காத்தை உறிஞ்சற மோட்டாரைப் போடாமலே கழட்டிடுவேன். அதே உறை, அதே அலமாரி. பிரிச்சுப் பாருங்க."

ஆலோசகர் பிரித்தார். வெள்ளை. அடியிலிருந்து ஒன்றை உருவினார். உறைமேல் பென்சிலில் பதினோரு வருடத்துக்கு முந்தைய தேதி. உள்ளே அதுவும் வெள்ளை.

"தூசின்னா இதுவும்ல கறுத்திருக்கணும்?" என்றாள் அக்கா.

ஆலோசகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதுக்கு மேல எனக்குக் கேள்வி இல்லை."

தலைவர் திட்டத்தில் தன் கையாலேயே இரண்டு பெயர்களைச் சேர்த்தார்: புகைக்கரி, மீத்தேன். பிறகுதான் கையெழுத்து.

"இவங்க யாரும்மா?"

"எங்க அக்கா சார்!" கடைசி நாற்காலி வரை கேட்டது.

அக்கா வெள்ளைப் பெட்டியை மூடினாள். போன மாதம் இதே தங்கைதான் அதைப் பார்த்து, 'வெத்துத் தாளுக்கு ஒரு அலமாரியா?' என்று கத்தியவள்.

தங்கையின் காதருகே குனிந்தாள்.

"என்னடி, இப்பக் குப்பையில போட்டுடவா?"